பதினேழாம் குப்பியின் செம்பு

காலை 9.10. ஆய்வுக்கூடத் தலைவியின் கல்லீரலில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி இருப்பதை ஸ்கேன் காட்டியது. பதினொரு மாதங்களுக்கு முன் அவரே உருவாக்கிய இரத்தப் பரிசோதனை, அவருக்கு நோயே இல்லை என்று சொல்லியிருந்தது.

"மெஷின் பொய் சொல்லாது. யாரோ என் ரத்தத்துல கை வச்சிருக்காங்க," என்றார் மருத்துவமனையின் பாதுகாப்பு அதிகாரியிடம். அவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர்.

காலை 10.30. கருவியை இயக்கும் பெண்ணிடம் விசாரணை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"ரத்தத்துல இருக்கற செம்புல கனமானது, லேசானதுன்னு ரெண்டு ஐசோடோப்பு சார். புற்றுநோய் வந்தா லேசானதோட பங்கு கூடும். ஆம்பளைங்களுக்கு இயல்பாவே கனமானது கொஞ்சம் தூக்கல். அதனால அவங்களுக்குத் தனி அளவு."

"அன்னைக்குக் குப்பியத் தொட்டது யாரு?"

"ரத்தம் எடுத்த நர்ஸக்கா, நான், துணைத் தலைவர்."

"டெஸ்டுக்கு அனுமதி எப்பக் கிடைச்சுது?"

"அடுத்த ரெண்டு மாசத்துல. நோயில்லாத நாப்பது பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தப்பாக் காட்டலைன்னுதான் குடுத்தாங்க. மேடமும் அந்த நாப்பதுல ஒருத்தர்."

"மிச்ச ரத்தம்?"

"ஃப்ரீசர்ல, பதினேழாம் குப்பி."

"மறுபடி ஓட்டிப் பாரு."

மாலை 5.00. தலைவியின் படுக்கையருகே துணைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடங்களாக அவரை 'அக்கா' என்றே அழைப்பவர். காலையிலிருந்து தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"பழைய எண்ணேதான் வந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "நோய் இல்லைன்னு பார்த்ததும் எல்லாரும் தாளைத் திருப்பிட்டாங்க. எண்ணை யாரும் பார்க்கல. கனமான செம்பு அவ்வளவு இருந்தா அது ஆம்பளை ரத்தம். குப்பியத் தொட்ட மூணு பேர்ல ஆம்பளை நீங்க மட்டும்தான், தம்பி."

துணைத் தலைவரின் முகம் வெளிறியது. தலைவியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"முதல்ல நானே ஓட்டிப் பார்த்தேன்க்கா. நோய்னு வந்துச்சு. நீங்க கல்லு மாதிரி இருந்தீங்க. டெஸ்ட்தான் தப்புன்னு நினைச்சேன். அந்த ஒரு தப்பு வெளிய தெரிஞ்சா அனுமதி போயிடும். அதான் உங்க ரத்தத்தக் கொட்டிட்டு என் ரத்தத்த ஊத்தினேன்."

தலைவி அழவில்லை. அவர் பற்றியிருந்த தன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"அது சரியாத்தான்டா சொல்லியிருக்கு. நான் நம்பினேன், ஊரும் நம்புச்சு. நம்பாதது நீ ஒருத்தன்தான்."