மிஞ்சிய நாக்குகள்

கரப்பான் பூச்சி பசையைச் சுற்றிக்கொண்டு போனது.

சமையலறை மேடையில், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடுக்கில், முந்தின நாள் வைத்த பட்டாணி அளவு விஷப் பசை அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. பூச்சி நெருங்கி வந்து மீசையால் அதைத் தொட்டது. ஒரு துளி வாயில் பட்டதும் சூடு பட்டதுபோல் பின்னால் துள்ளி, முன்கால்களால் வாயைத் துடை துடையென்று துடைத்துக்கொண்டது. பிறகு, வேண்டாத உறவுக்காரரைத் தெருவில் பார்த்துவிட்ட மனிதரைப்போல ஓரமாக ஒதுங்கி, சுற்று வழியாகப் போய்ச் சுவரோட்டைக்குள் மறைந்தது. நண்பகல்தான். ஆனால் மூன்று நாளாக விடாமல் பெய்கிற மழையில் சமையலறைக்குள் பொழுது சாய்ந்த வெளிச்சமே இருந்தது.

மருந்துக்காரருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அவமானம். இருபத்திரண்டு வருடமாக வீடுகளிலும் ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பூச்சி ஒழிக்கிறவர் அவர். மற்றவர்கள் கடையில் விற்கிற மருந்தை வாங்கி வைத்துவிட்டுப் போவார்கள். இவர் தன் பசையைத் தானே காய்ச்சுவார். அதற்கு அவரிடம் நாலே சொல்: காய்ச்சு, நக்கு, கல, கழுவு. சர்க்கரைப் பாகைக் காய்ச்ச வேண்டும். தித்திப்பு போதுமா என்று ஒரு சொட்டு நக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விஷத்தைக் கலக்க வேண்டும். கடைசியில் கரண்டியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவ வேண்டும். என் பசையைப் பார்த்தால் எனக்கே நாக்கு ஊறும் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட பசையிடம், அதுவும் அவர் சொந்த வீட்டிலேயே, ஒரு பூச்சி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறது.

மறுநாள் எறும்புகள். சர்க்கரை டப்பாவை யாரோ மூட மறந்திருந்தார்கள். மேடையில் கொஞ்சம் சிந்தியும் கிடந்தது. எறும்பு வரிசை அந்தச் சிந்தலுக்கு ஒரு விரல் தள்ளி வளைந்து, உப்பு ஜாடியைத் தாண்டி, மூலையில் கிடந்த ஈரத் துணிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் எலி. பொறிக்குள் இருந்த மிட்டாயை அது கவனமாக வெளியே தள்ளிவிட்டு, பொறியின் மரப்பலகையைக் கறும்பித் தின்றிருந்தது. குனிந்து அந்தப் பல்தடத்தைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது.

பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிற அம்மாள் ஒருவர் அவருக்குப் பழக்கம். அவரை இவர் எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து அனுப்பிய கரப்பான்களைப் பற்றி ஒரு வாரம் கழித்து அவரிடம் போனில் கேட்டார்.

"நீங்க அனுப்பினதுக்கெல்லாம் சர்க்கரை கசக்குதுங்க. மரபணுவுல ஒரு சின்ன மாத்தம். இனிப்பைச் சொல்ல வேண்டிய நரம்பு, கசப்புன்னு சொல்லுது."

"என் பசையைத் தின்னு தின்னு கத்துக்கிச்சா மேடம்?"

"எதுவும் எதையும் கத்துக்கலை. ஆயிரத்துல ஒண்ணு அப்படிப் பிறந்திருக்கும். முன்னாடி அது பட்டினி கிடந்து செத்திருக்கும், பாவம். நீங்க வந்தீங்க. இனிப்பு பிடிச்சதெல்லாம் உங்க பசையைத் தின்னு செத்துச்சு. மிஞ்சினது குட்டி போட்டுச்சு. அவ்வளவுதான் கதை. யாரும் திட்டம் போடலை."

"எறும்பும் தொடலை. எலியும்."

மேடம் சிரித்தார். "ஒரே வீட்டுல மூணுமா? இருக்காதுங்க. வேற வேற உயிர், வேற வேற மரபணு. ஒரே கத்தி எல்லாத்தையும் ஒரே மாதிரி செதுக்கறது உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்குத் தலைமுறை தலைமுறையாச் சாவு விழணும்."

"மனுஷனுக்கு?"

"மனுஷனுக்கும் அதே சட்டம்தான். இனிப்பு பிடிச்சவன் பிள்ளை பெறாமச் சாகணும். பிடிக்காதவங்க பெத்துக்கணும். ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்று சொல்லி போனை வைத்தார்.

நான்கு வருடத்துக்கு முன் அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தது. மூத்த பையன், மூன்றரை வயது. இனிப்பென்றால் உயிரை விடுவான், அதனால் எல்லோரும் அவனைச் சர்க்கரைக்கட்டி என்றே கூப்பிட்டார்கள். அப்பா பாகு காய்ச்சும்போதெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். முதல் நக்கு அவனுக்குத்தான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் அது ஒரு விளையாட்டு. ஒரு நாள் பாகில் விஷத்தைக் கலந்து முடித்த நேரத்தில் ஒரு ஓட்டலிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவர் எதுவரை வந்தோம் என்பதை மறந்தார். நக்குகிற இடம் என்று நினைத்தார். கரண்டியை நீட்டினார்.

'இனிக்குதாடா?' என்று வேறு கேட்டார். பையன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

வேலைக்குப் போயிருந்த மனைவியிடமும் டாக்டரிடமும், கெட்டுப்போன எதையோ தின்றுவிட்டான் என்று சொன்னார். டாக்டர் நம்பினார். அவளும் நம்பினாள் என்றுதான் இந்த நான்கு வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் அவர் பசை காய்ச்சுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். கோழை என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை. மூன்று மாதம். புட்டிப்பால் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. சளிக்குக் கொடுத்த இனிப்பு மருந்தைச் சுவர் வரைக்கும் துப்பினாள். தாய்ப்பால் மட்டும் குடித்தாள். ஆனாலும் கொழுகொழுவென்று வளர்ந்தாள். அழுததே இல்லை. நல்ல பிள்ளை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அன்று மாலை மாடித் தாழ்வாரத்தில் காயப்போட்ட துணியை எடுக்க மனைவி போனதும், அவர் ஒரு கிண்ணத்தில் வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்தார். விஷமில்லை, ஒன்றுமில்லை. இரண்டு முறை நக்கிப் பார்த்துக்கொண்டார். மழைச் சத்தம் கூரையில் ஒரே சீராக விழுந்தது. எங்கோ ஈரத்துணி நாற்றம். சுவரோட்டைக்குள் காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு சலசலப்பு, அவர் நடந்தால் நின்றது, நின்றால் தொடர்ந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் குழந்தையின் உதட்டில் தடவினார்.

குழந்தை பின்னால் துள்ளியது.

பிறகு இரண்டு கைகளையும் வாய்க்குக் கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டது. துடை துடையென்று. மூன்று மாதக் குழந்தைக்கு அது வராது. துடைத்து முடித்ததும் அவரையே பார்த்தது.

சுவருக்குள் சலசலப்பு நின்றது.

"கொடுத்துப் பாத்தீங்களா?"

வாசற்படியில் மனைவி. கையில் துணி இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"சும்மா... வெறும் சர்க்கரைதான்."

"தெரியும். எனக்கும் கசக்குதுங்க. இவ வயித்துல வந்ததுலேர்ந்து வாயில வைக்க முடியலை. என் பாலை ஒரு நாள் நக்கிப் பாத்தேன். அதுவும் கசப்பு. வேம்பா கசக்குது. அதனாலதான் குடிக்கறா." அவள் வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "உட்காருங்க. டீ போடறேன்."

"வேண்டாம்மா."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் முதுகுதான் தெரிந்தது. பால் கொதிக்கிற வாசனை வந்தது. கரண்டி கிணுகிணுத்தது. சர்க்கரை விழுகிற சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்டது. ஒரு கரண்டி. இரண்டு. நாலு. எட்டு. அதற்குப் பிறகு கரண்டி வேறொரு டப்பாவில் தட்டுகிற சத்தம். அவளுடைய தோளுக்கு மேலே குழந்தையின் முகம். இமைக்கவில்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஓடிப் போய் யாரிடம், என்னவென்று சொல்வது? என் பெண்சாதி டீ போட்டாள் என்றா?

டம்ளரை முன்னால் வைத்தாள். "வீட்டுல இருக்கற சர்க்கரை எல்லாம் இனி உங்களுக்குத்தான். வேற யாருக்கும் ஆகாது."

அவர் குழாயடியைப் பார்த்தார். இடுக்கிலிருந்து ஒரு மீசை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக. எதுவும் கிட்டே வரவில்லை. மேடையின் ஓரத்தில் எறும்புகள் நின்றன. எறும்பு நின்று அவர் பார்த்ததில்லை. அலமாரிக்கு அடியில் இரண்டு சிறிய கண்கள்.

ஒரு வாய் குடித்தார்.

"இனிக்குதா?"

"இனிக்குது."

"அவனுக்கும் இனிச்சுது, இல்ல?"

குரலில் கோபமில்லை. அழுகையும் இல்லை. மழை நிலவரம் கேட்பதுபோலக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். நாலு வருடமாக உள்ளே அழுகிக் கிடந்த ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வாய் டம்ளருக்குப் போனது.

தித்திப்பு. தொண்டை வரைக்கும். கீழே வைக்க நினைத்தார். கை கேட்கவில்லை. இன்னொரு வாய். போதும். இன்னொரு வாய். அடியில் கரையாமல் கிடந்ததையும் விரலால் வழித்தார்.

விரல் மரத்திருந்தது. அப்புறம் உதடு. அப்புறம் முழங்கால். நாற்காலி எப்போது சாய்ந்தது? தரை சில்லென்று இருந்தது. மல்லாந்து கிடந்தார். புரள முடியவில்லை. கால்கள் தாமாக மேலே மடங்கின. உதைத்தன. நின்றன. மறுபடி உதைத்தன.

மேலே இரண்டு முகங்கள். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. குனிந்து பார்த்தன. அவசரமில்லாமல், அருவருப்பில்லாமல், முடிந்துவிட்டதா என்று மட்டும்.

அவருடைய நாக்கு வெளியே வந்தது. கடைவாயில் ஒட்டியிருந்ததைத் தேடி நக்கியது.