நாலு மணிக்குள் ஒரு சவப்பெட்டி

போன் அலறியது.

காலை பத்தேகால். குடைக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை வைத்து, டீயை வாய்க்குக் கொண்டு போயிருந்தார்.

"சார்... கேட்ல இருந்து செக்யூரிட்டி பேசுறேன். உங்க பெட்டி வந்துருக்கு."

"என்ன பெட்டி?"

"சவப்பெட்டி சார்."

டீ சட்டையில் கொட்டியது.

"யாருக்குய்யா...?"

"உங்களுக்குத்தான். உங்க நம்பர்தான் போட்டிருக்கு. உள்ள அனுப்பவா... இல்ல, நீங்களே வந்து வாங்கிக்கிறீங்களா?"

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கம்பெனியில் அது யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'முத்திரை'. இருபத்திரண்டு வருடங்களாக அந்தக் கம்பெனியில் கம்பியோ, துணியோ, கைப்பிடியோ எது வாங்குவதானாலும் தாளின் மேல் அவருடைய ரப்பர் ஸ்டாம்பு 'டப்' என்று விழ வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சிஸ்டம் வந்தது.

யாருக்கு என்ன வேண்டும் என்று அதில் தட்டினால் போதும். அதுவே விலை விசாரிக்கும். அதுவே கடையைப் பிடிக்கும். அதுவே ஆர்டர் போடும். மனிதர்களின் வேலை போனில் 'சரி' என்ற பட்டனை அமுக்குவது மட்டும்தான். ஸ்டாம்புக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் முத்திரை அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார், பாவம்!

சரக்கு இறக்கும் முற்றத்தில் பெட்டி பளபளத்தது. பித்தளைக் கைப்பிடிகள். உள்ளே வெள்ளைப் பட்டு மெத்தை. கூடவே ஒரு தாள்.

'பொருள்: சவப்பெட்டி. எண்ணிக்கை: ஒன்று. ஆள் உயரம்: ஐந்தடி ஒன்பது அங்குலம். தேவைப்படும் நேரம்: இன்று மாலை 4.00.'

முத்திரை அந்த அளவை இரண்டு தடவை படித்தார்.

அவருடைய உயரம் சரியாக ஐந்தடி ஒன்பது!

"கையெழுத்துப் போடுங்க சார்," என்றார் வேன் டிரைவர்.

"நாலு மணிக்கு நான் உயிரோட இருப்பேன்யா!"

"அது உங்க சொந்த விஷயம் சார். எனக்குக் கையெழுத்து கிடைச்சாப் போதும். அது இல்லாம நான் நகர முடியாது."

டிரைவர் வேனின் நிழலில் துண்டை விரித்தார்.

முத்திரை போலீசுக்குப் போன் போட்டார்.

*

பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரிப்பதற்குச் சம்பளம் தருவதில்லை என்பது போன்ற முகம்.

கேட்டில் அவரையே நிறுத்திவிட்டார்கள்.

"விசிட்டர் கோட்டு போடாம உள்ள விட முடியாது மேடம். உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி ஆறு. எதுக்கு?"

"சைஸுக்கு மேடம். கம்ப்யூட்டர் கேக்குது. உங்க நம்பர் விசிட்டர் ஒன்பது."

காக்கிக்கு மேல் மஞ்சள் கோட்டோடு முத்திரையின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எதிரி யாராவது...?"

"காபி சாப்பிடுறீங்களா மேடம்?" சாகப் போகிற நேரத்திலும் முத்திரைக்கு உபசாரம் போகவில்லை. கம்ப்யூட்டரில் இன்ஸ்பெக்டரின் கோட்டு எண்ணைப் போட்டு மூன்று தட்டு தட்டினார்.

நான்கே நிமிடத்தில் காபி வந்தது!

"அறை வேகுதே," என்றார் இன்ஸ்பெக்டர்.

மூன்று தட்டு. ஃபேன் வந்தது!

"என் போன்ல சார்ஜ் இல்ல..."

மூன்று தட்டு. புத்தம்புது சார்ஜர்!

இன்ஸ்பெக்டரின் புருவம் முதல்முறையாக உயர்ந்தது. "எங்க ஸ்டேஷன்ல ஒரு பல்பு மாத்த ஆறு மாசம் ஆகுது. உங்களுக்கு மட்டும் எப்படி?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு மேடம்..."

"அப்புறம் கேட்டுக்கிறேன். இந்த ஆர்டருக்கு யாரெல்லாம் 'சரி' குடுத்தது?"

"மூணு பேர் குடுக்கணும் மேடம். யாருன்னு பாத்துட்டா கொலைகாரன் சிக்கிடுவான்!"

திரையில் பெயர்கள் வந்தன. துணை மேனேஜர். முதலாளி. அப்புறம்...

முத்திரை!

"உங்க சவப்பெட்டிக்கு நீங்களே 'சரி' குடுத்திருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக.

"நான் படிக்கல மேடம்! துணை மேனேஜரம்மா அமுக்கியிருந்தாங்க, அதனால நானும் அமுக்கினேன்!"

துணை மேனேஜர் வரவழைக்கப்பட்டார். பேனாவைக் கொண்டையில் செருகியிருந்த, எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற அம்மாள்.

"இவர் போயிட்டா இவர் நாற்காலி யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம்."

"பாத்தீங்களா மேடம்! பாத்தீங்களா!" முத்திரை குதித்தார். "நான் சாப்பிடப் போனா இவங்க என் நாற்காலியில உக்காந்து பாக்குறாங்க!"

"ஆமா, உக்காந்தேன். சக்கரம் கிறீச்சிடுது, எண்ணெய் போடணும். அதுக்காகக் கொலையா பண்ணுவாங்க? சார் ரிட்டயர் ஆக இன்னும் பதினாலே மாசம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட மாட்டேனா?"

"அப்ப ஏன் 'சரி' குடுத்தீங்க?"

"முதலாளி அமுக்கிட்டாருன்னு நினைச்சேன்."

வெளிநாட்டில் இருந்த முதலாளியை ஸ்பீக்கரில் பிடித்தார்கள். தூக்கக் கலக்கக் குரல். "அவங்க ரெண்டு பேரும் பாத்துத்தானே அனுப்பியிருப்பாங்க? அதான் அமுக்கினேன். என்ன வாங்குறோம்... கைப்பிடியா?"

"கைப்பிடியும் இருக்கு சார்," என்றார் முத்திரை அழாத குறையாக. "நாலு. பித்தளையில."

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓங்கி அடித்தார். "மூணு பேர்! ஒருத்தர்கூடப் படிக்கல! இனிமே எதையும் படிக்காம..."

டிங்!

மேஜை மேல் இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் மணியடித்தன. இரண்டு கட்டை விரல்கள் தாமாகவே போய் அமுக்கிவிட்டுத் திரும்பின.

"இப்ப எதுக்குச் 'சரி' குடுத்தீங்க?"

முத்திரையும் துணை மேனேஜரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தெரியல மேடம்... ஒரு நாளைக்கு எழுபது வருது."

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

*

மணி இரண்டரை. சாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்!

"முதல்ல இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணு முன்னால கிடந்தா உங்க உடம்பு தாங்காது."

திருப்பி அனுப்பவும் சிஸ்டத்தைத்தான் கேட்க வேண்டும். அது இரண்டே காரணங்களைக் காட்டியது. 'பொருள் உடைந்துள்ளது.' 'அளவு சரியில்லை.'

முத்திரை இரண்டாவதைத் தட்டினார்.

'பொருளைப் பயன்படுத்தும் நிலையில் புகைப்படம் எடுத்து அனுப்பவும்' என்றது சிஸ்டம்.

எல்லோரும் முத்திரையைப் பார்த்தார்கள்.

"வேண்டாம் மேடம்..."

"படுங்க."

படுத்தார். தலை தலையணையில் கச்சிதமாகப் பதிந்தது. பாதம் பலகையைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. துணை மேனேஜர் போனை நீட்டிப் படம் எடுக்கப் போன நேரத்தில், முத்திரையின் பையிலிருந்த போன் அலறியது. வீடியோ கால். மனைவி!

பதற்றத்தில் விரல் பச்சைப் பட்டனில் பட்டுவிட்டது.

"என்னங்க, காலையில இருந்து... ஐயோ! எங்கங்க படுத்திருக்கீங்க?"

"பெட்டில."

"ஆபீஸ் நேரத்துலயா?"

"இல்லம்மா... அளவு சரியில்லன்னு படம் எடுத்து அனுப்பணும்..."

"எங்க, காலை நல்லா நீட்டுங்க." மனைவி திரைக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தார். "அளவு சரியாத்தானே இருக்கு! இருபத்தஞ்சு வருஷத்துல உங்களுக்கு ஒரு சட்டையாவது இப்படிப் பொருந்தியிருக்கா? தோள் தொங்கும், இல்ல வயித்துல பிடிக்கும். இது மட்டும் எப்படிங்க?"

முத்திரை விஷயத்தைச் சொன்னார். நாலு மணி என்பதையும் சொன்னார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவீங்கல்ல?" மனைவியின் குரல் உடைந்தது.

"வந்துருவேன்மா."

"வந்துருங்க. கதவைப் பூட்ட மாட்டேன்."

முத்திரை போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். சாகவே கூடாது என்று அந்தப் பட்டு மெத்தையில் படுத்தபடி முடிவு செய்தார்.

துணை மேனேஜர் எடுத்து அனுப்பிய படத்தைச் சிஸ்டம் பார்த்தது. யோசித்தது. பதில் சொன்னது.

'அளவு மிகச் சரியாக உள்ளது. திருப்பி எடுக்க இயலாது.'

*

மூன்றரை.

சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர்க்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். முத்திரை சுவரோரமாக, ஒரு பெரிய குடையை விரித்துத் தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஆர்டரை முதன்முதல்ல போட்டது யாரு?" இன்ஸ்பெக்டரின் குரல் இறுகியது. "பேர் வேணும்!"

சாஃப்ட்வேர்க்காரர் தட்டினார். தட்டினார். திடுக்கிட்டார்.

"மேடம்... ஆளே இல்ல."

"என்னது?"

"சிஸ்டமே போட்டிருக்கு! நேத்துதான் ஒரு புது வசதி சேர்த்தேன். யாருக்கு அடுத்து என்ன தேவைப்படும்னு அதுவே யூகிச்சு, முன்கூட்டியே வாங்கிடும்."

"இவருக்குச் சவப்பெட்டி தேவைப்படும்னு அது எப்படி யூகிச்சது?"

சாஃப்ட்வேர்க்காரர் குடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார்... நீங்க ஒவ்வொரு பொருளுக்கும் என்ன காரணம் போடுவீங்க?"

குடை லேசாக ஆடியது.

"அது வந்து... மூணு காரணம் குடுத்திருக்கீங்க. 'வழக்கமான தேவை'ன்னு போட்டா பதினோரு நாள் ஆகுது. 'அவசரம்'னு போட்டா நாலு நாள்..."

"மூணாவது?"

"'உயிருக்கு ஆபத்து.' அதைப் போட்டா உடனே வந்துடுது."

"அது தீயணைப்புக் கருவிக்கும் முதலுதவிக்கும் வச்சது சார்!"

"வேகமா வருதே தம்பி!"

சாஃப்ட்வேர்க்காரர் பட்டியலை வாசித்தார். "பென்சிலுக்கு... உயிருக்கு ஆபத்து. பசை டப்பாவுக்கு... உயிருக்கு ஆபத்து. முதுகுத் தலையணைக்கு... உயிருக்கு ஆபத்து. மூணு மாசத்துல நூத்திப் பன்னெண்டு தடவை! எல்லாம் உங்க நம்பர்ல! நம்ம சிஸ்டத்துல ஒரே ஆளுக்கு மூணு தடவை வந்தாலே அது முடிவு பண்ணிடும்."

"என்னன்னு?"

"ஆள் தேற மாட்டாருன்னு. யூனிபார்ம் தைக்கக் குடுத்த அளவை எடுத்துக்கிட்டுப் பெட்டி வாங்கிடுச்சு."

"அப்ப நாலு மணி?"

"அது நீங்க எல்லா ஆர்டர்லயும் போடுற நேரம் சார். பென்சிலுக்கும் மாலை நாலுதான்."

குடை மடங்கியது. முத்திரை எழுந்தார். கொலைகாரன் இல்லை! யாரும் அவரைக் கொல்லப் போவதில்லை! துணை மேனேஜரின் கைகளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள், "பரவால்ல சார், சக்கரத்துக்கு எண்ணெய் மட்டும் போட்டுடுங்க," என்றார்.

"எல்லாம் சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "பெட்டி?"

வேன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எங்க கடையில இன்னும் பேப்பர்தான் மேடம். இந்தத் தாள்ல 'வேண்டாம்'னு எழுதிக் கம்பெனி ஸ்டாம்பு வச்சுக் குடுத்தா எடுத்துட்டுப் போயிடுவேன். காலையில இருந்து யாராவது கேட்டீங்களா?"

முத்திரையின் கை சட்டைப் பைக்குள் போனது.

டப்!

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது. பெட்டி வேனில் ஏறியது. வேன் கேட்டைத் தாண்டியது. முத்திரை மனைவிக்குப் போன் போட்டு, "கதவைப் பூட்டிக்க, நான் தட்டுறேன்," என்றார்.

இன்ஸ்பெக்டர் மஞ்சள் கோட்டைக் கழற்றினார். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல கம்பெனி போங்க! இந்தக் கூத்தை நான் ஸ்டேஷன்ல..."

க்ரீச்ச்!

போன வேன் பின்னோக்கி வந்தது!

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார்! கடையில இருந்து போன். இன்னொரு ஆர்டர் வந்துருக்கு. ரெண்டு பேர் மத்தியானமே அமுக்கிட்டாங்களாம், உங்க முதலாளி இப்பத்தான் எழுந்து அமுக்கினாராம். இதே பெட்டி, இதே நாலு மணி. ஆனா ஆள் அஞ்சடி ஆறுதான்... மூணு அங்குலம் லூசா இருக்கும், பரவால்லையா?"

"ஆள் யாரு?" சாஃப்ட்வேர்க்காரர் அலறினார்.

"பேர் இல்லீங்க. விசிட்டர் ஒன்பதுன்னு போட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் குனிந்து, கையிலிருந்த கோட்டின் எண்ணைப் பார்த்தார். பிறகு மெதுவாக முத்திரையைப் பார்த்தார்.

"அந்தக் காபிக்கு என்ன காரணம் போட்டீங்க?"

முத்திரை குடையைத் தேடினார்.

"ஃபேனுக்கு? சார்ஜருக்கு?"

"வேகமா வரணுமேன்னுதான் மேடம்..."

கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு காட்டியது. இன்ஸ்பெக்டர் அவர் சட்டைப் பையை நோக்கிக் கையை நீட்டினார்.

"எடுங்கய்யா அந்த ஸ்டாம்பை! சீக்கிரம்!"

பழக்க தோஷம். முத்திரை பணிவாகக் கேட்டார்:

"காரணம் என்னன்னு போடட்டும் மேடம்?"

"உயிருக்கு ஆபத்து!" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கில்ல... உங்களுக்கு!"