பூஜ்யத்துக்குக் கிடைத்த அறை

"கடைசி அறை சம்பூரணத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது," என்று அறிவித்தது சுவர்.

வீடற்றோர் தங்கும் நிழற்கூடத்தின் வரவேற்பு மேசையில் இருந்த தன்னார்வலர் சம்பூரணம் அதிர்ந்துபோனாள். அவள் அறை கேட்டது எதிரே ஈரத்துணியோடு நின்ற கலாமணிக்காக. நொய்யல் வெள்ளத்தில் வீடு போய்விட்டது. கணவன் தங்கராசின் தோளில் ஆறு வயதுப் பெண் மூச்சிரைத்தபடி கிடந்தாள்.

"எனக்கெதுக்கு அறை? நான் இங்க சேவைக்கு வந்தவ."

"அவர்கள் மூவருக்கும் அளவு நாற்பதுக்கு மேல். உங்களுக்குப் பதினொரு மாதமாகப் பூஜ்யம்."

சுவருக்கு இங்கிதம் கற்றுக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை. எல்லோர் மணிக்கட்டிலும் ஒட்டியிருக்கும் இல்லமானி, ஒருவரை ஒரு நாளில் எத்தனை முறை யாராவது அக்கறையோடு விசாரித்தார்கள் என்று எண்ணும். எண்ணிக்கை மூன்றுக்குக் குறைந்தால் அவர் வீடற்றவர்; அறை அவருக்குத்தான். இது அரசாங்கம் கண்டுபிடித்த விதி அல்ல. ஆறு வருடத்துக்கு முன் தன்னார்வலர் கூட்டத்தில், "கூரை இல்லாதவங்கள மட்டும் எண்ணுனாப் போதுங்களா? கேக்க நாதியில்லாதவங்கதானுங்க நெசமாவே வீடில்லாதவங்க," என்று முழங்கியவள் சம்பூரணமேதான். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

தன் வீட்டுக்கு அழைத்துப் போகவும் வழியில்லை. அவள் குடியிருந்தது ஒற்றையர் அடுக்ககம். இரண்டாவது ஆளின் மூச்சை உணர்ந்தால் கதவு திறக்காது.

"சரி, நானே எடுத்துக்கறேன்," என்று கைரேகை வைத்தாள். கூடவே விருந்தாளிகள் வரக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. மூவரையும் உள்ளே கூட்டிப்போனாள்.

சூடான அறையில் குழந்தையின் இரைப்பு மெல்லத் தணிந்தது. கலாமணி ஒரு துண்டை நீட்டினாள். "ஏனுங்க்கா, உங்க தலையும் நனஞ்சிருக்குது. தொவட்டுங்க, சளி புடிச்சுக்கும்."

சம்பூரணத்தின் இல்லமானி ஒன்றைக் காட்டியது. அவள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

"நீங்க கட்டில்ல படுங்கக்கா, காலையிலிருந்து நிக்கறீங்க. நாங்க கீழ படுத்துக்கறோம்," என்றான் தங்கராசு.

இரண்டு.

"அளவு மூன்றைத் தொட்டால் நீங்கள் வீடற்றவர் அல்ல," என்றது சுவர். "அறையை உடனே காலி செய்ய வேண்டும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கராசு மகளைப் பார்த்தான்.

சம்பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மழை விடற வரைக்கும் இங்கயே இருங்க கண்ணு. ஆனா என்னைய ஒண்ணும் கேக்கப்படாது. தின்னனா, தூங்குனனா, எதுவுமே. நான் ஒருத்தி இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க."

கலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

சம்பூரணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சோறு பரிமாறிக்கொண்டார்கள், போதுமா போதுமா என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரு சின்னக் கை அவள் தோளைத் தொட்டது.

"பெரீம்மா, நீங்க ஏன்..."

கலாமணி பாய்ந்து வந்து குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

சம்பூரணம் மணிக்கட்டைப் பார்த்தாள். இரண்டுதான். அப்பாடா என்று மூச்சு விட்டாள். மூன்றாகியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கியதை நினைத்து வெட்கமாக இருந்தது.