தரைக்குக் கீழே புள்ளிகள்

தரைக்குக் கீழே புள்ளிகள் இருந்தன. இருக்கக் கூடாது. ட்ரோனிலிருந்து பாய்கிற லேசர் பட்ட இடமெல்லாம் திரையில் புள்ளியாக விழும்; அது இலை இடுக்கில் நுழையும், மண்ணைத் துளைக்காது. அடியில் ஏதாவது தெரிந்தால் அது எங்கோ பட்டுத் தடுமாறித் திரும்பிய பொய்ப்புள்ளி, ‘இரைச்சல்’ என்று குறித்து அழித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம்.

அவள் அழிக்கவில்லை.

ஜன்னலில் மழை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்களின் சூட்டில் ஈரக் குடைகளின் வாடை அறை முழுக்கக் கனத்துக் கிடந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த அந்த மத்தியானத்திலும் ட்யூப்லைட் போட வேண்டியிருந்தது. திரையில் நிலச்சரிவில் விழுந்த மலை. ஒவ்வொரு புள்ளியையும் தரை, மரம், கட்டடம் என்று அவள் பிரித்துக் கொடுக்க வேண்டும். கட்டடம் என்று சிவப்பாகத் தெரியும் இடத்தில்தான் மீட்புக் குழு தோண்டும்.

அந்த மண்ணுக்குள் எங்கேயோ அவள் தம்பி இருந்தான். “வாடகை கம்மிக்கா, காத்து ஃப்ரீ” என்று பல்லைக் காட்டிவிட்டு மலையடிவாரத்தில் அறை எடுத்தவன். அவன் இருந்த கிழக்கு ஓரத்தில் ஒரு துளி சிவப்பு இல்லை. இன்று பொழுது சாய்ந்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அங்கே தரைக்குக் கீழே கிடந்த புள்ளிகளைத் திருப்பிப் பார்த்தாள். தலை. தோள். தொங்கும் கைகள். நின்ற வாக்கில் ஓர் ஆள்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்தாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அத்தனை புள்ளிகளையும் கட்டடம் என்று மாற்றினாள். தெரிந்தே செய்த பொய். வேலை போனால் போகட்டும்.

மீட்புக் குழுத் தலைவருக்குப் போன் போட்டாள்.

“சார், கிழக்கு ஓரத்துல சுவர் தெரியுது. தோண்டுங்க.”

“அங்க மண்ணு இன்னும் வழுக்குதும்மா. நிச்சயமாத் தெரியுதா? பசங்க உயிரு.”

“நிச்சயம் சார்.” நாக்கு கூசியது.

அவர்கள் இறங்கினார்கள். ட்ரோன் மறுபடி பறந்தது. புதுப் புள்ளிகள் திரையில் நிரம்ப, மண்வெட்டியோடு குனிந்த ஆட்கள் தரைக்கு மேலே தெளிவாகத் தெரிந்தார்கள். படத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாள். கீழே இருந்த உருவம் பழைய இடத்தில் இல்லை. மேலே ஏறியிருந்தது.

போன் அடித்தது.

“உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்மா!” தலைவருக்கு மூச்சிரைத்தது. “உள்ள ஆள் இருக்கு. அக்கா, அக்கான்னு கூப்புடுது.”

அவளுக்கு அழுகை பொங்கியது. தம்பி. உயிரோடு இருக்கிறான்.

“ஆனா ஒண்ணும்மா.” அவர் குரல் தணிந்தது. “ஒரே குரல்தான். எங்க எல்லார் காலடியிலேர்ந்தும் வருது.”

திரையில் ட்ரோன் அனுப்பிய அடுத்த வரிசைப் புள்ளிகள் இறங்கின. தோண்டுகிற ஒவ்வொருவருக்கும் நேர் கீழே ஓர் உருவம்.

“மேல வாங்க சார்! நான் சொன்னது பொய்! எல்லாரும் மேல வாங்க!”

போனில் ஈர மண் சரியும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த வரிசை. தரை வழவழவென்று இருந்தது. மேலே ஒருவரும் இல்லை.

தலைவரின் போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது.

“அக்கா,” என்றான் தம்பி. “இன்னும் ஆள் அனுப்புக்கா.”

திரையில், தரையை ஒட்டினாற்போல் அதன் கீழே, தூக்கிவிடச் சொல்லி, கூட்டமாக, அத்தனை கைகளும் மேலே நீண்டிருந்தன.