இடம் மாறிய இரண்டு கட்டங்கள்

வேடசந்தூர் மில் வாசலில் பஸ் நின்றபோது மதியம் இரண்டு மணி. பதினொரு நாள் கழித்து வேலைக்கு வந்த சூப்பர்வைசர் ராயப்பராஜ், யார் முகத்தையும் பார்க்காமல் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே பஞ்சுத் தூசியின் வாடை. அதற்கும் அடியில், தேங்காயெண்ணெய் தடவிய தலைமுடியின் வாடை.

நான்கு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அதற்குள் ஒரு வாக்குமூலம் அச்சாகி, சாட்சியின் கையெழுத்தும் விழ வேண்டும்: மில்லில் வேலை பார்த்த சத்யபிரியா தன் கவனக்குறைவால்தான் செத்தாள் என்று. அந்தக் காகிதம் இல்லையென்றால் அவனுக்குச் சிறைதான்.

நடந்தது வேறு. உற்பத்தி குறையக் கூடாதென்று, ஓடுகிற மெஷினிலேயே பஞ்சு எடுக்கச் சொல்வது அந்த மில்லின் வழக்கம். நிறுத்துவதற்குச் சூப்பர்வைசர் சொல்ல வேண்டும். சத்யபிரியாவின் பின்னல் உருளையில் சிக்கிய அன்று, பக்கத்து மெஷினில் நின்ற கருப்பம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவன் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தான். கலைந்த படத்தின் துண்டுகளை, ஒரேயொரு காலிக் கட்டத்தின் வழியே நகர்த்தி நகர்த்திச் சேர்க்கும் விளையாட்டு.

"இந்தா வாரேன், போ" என்றான், திரும்பாமல்.

படம் சேர்ந்த பிறகுதான் எழுந்தான்.

இன்று கம்ப்யூட்டரைப் போட்டதும் கட்டங்கள்தான் வந்தன.

படத்தில் இருந்தது அவன் முகம்.

மூடப் பார்த்தான். முடியவில்லை. வலது கண் இருந்த கட்டம் தானாக நகர்ந்தது. அவனுக்கு வலப்பக்கம் முழுதும் இருண்டது.

பதறிப்போய் மவுஸைப் பிடித்தான். நெற்றியைச் சேர்த்தான். காதைச் சேர்த்தான். கண் தன் இடத்துக்கு வந்ததும் பார்வை திரும்பியது. ஆனால் கையை எடுக்க முடியவில்லை. விரல்களின் மேல் குளிர்ந்த விரல்கள் படிந்திருந்தன.

கருப்பம்மாள் கதவைத் திறந்தாள். "கையெழுத்துக்குக் கூப்டீகளாமே. அந்தப் புள்ள மேல பழி போட எங் கையிதான் கெடச்சுச்சா?"

"ஏ கருப்பம்மா," அவன் கிசுகிசுத்தான். "இதை அணைச்சு விடு."

அவள் திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எதை அணைக்க? கரண்டு போயி அரை மணி நேரமாச்சே, சார்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெளியே ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

மிச்சம் இரண்டே கட்டங்கள். வாயும் தொண்டையும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று.

எத்தனையோ வருடம் ஆடியவன் அவன். கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி நின்றால், ஆயுள் முழுக்க நகர்த்தினாலும் சேராது. அப்படி எந்த ஆட்டமும் வராது. யாராவது வேண்டுமென்றே மாற்றி வைத்தாலொழிய.

ஆய்வாளர் வந்தார். "என்னய்யா நடந்துச்சு?"

ராயப்பராஜ் வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை.

"நான் சொல்றேன், சார்" என்றாள் கருப்பம்மாள்.

எல்லாவற்றையும் சொன்னாள்.

அவனைக் கொண்டுபோய் ஐந்து மாதமாகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. காவலர்கள் கேட்டதற்கெல்லாம், வலது ஆள்காட்டி விரலைத் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறானாம்.

கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கிவிட்டார்கள். ஆனாலும் தேநீர் இடைவேளையில் மெஷின்கள் நிற்கும்போது, உள்ளேயிருந்து மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் கருப்பம்மாள் கதவருகே போய் நின்றாள்.

"போதும்த்தா. அதான் அவன உள்ள வச்சிட்டாகள்ல. வீட்டுக்குப் போ."

சத்தம் நின்றது.

அவள் வெகுநேரம் நின்றாள். பூட்டைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. திரும்பி நாலடி நடந்தாள்.

டிக்.