வெறும் தட்டின் எடை

விடுமுறை நாளில் அறைக்குள் முடங்கிக் கிடக்க மனமில்லாமல்தான் இருவரும் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் தராசு மெக்கானிக். ஆலைகளில் உள்ள எடைமேடைகளைச் சரிபார்க்கக் கம்பெனி அவரைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தது. கூட வந்த எலக்ட்ரீஷியனுக்கு ‘வாய்’ என்று பட்டப்பெயர். தூக்கத்தில்கூட அது மூடாது.

காலையில் மியூசியம். ராஜாக்களின் சிலைகளைப் பார்த்து, “நம்ம மேனேஜரும் இப்படித்தாண்ணே, நிப்பாரு, வேலை மட்டும் பாக்கமாட்டாரு” என்று வாய் கேலி பேசிக்கொண்டே வந்தான். மெக்கானிக்குக்கு நினைப்பெல்லாம் வீட்டில் இருந்தது. போனதும் நாலு வயது மகளை உப்புமூட்டை தூக்க வேண்டும். அவர் முதுகுதான் அவளுக்குச் சிம்மாசனம்.

மதியத்துக்கு மேல் ஒரு பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தார்கள். அணைந்த மெழுகுவத்தி வாடையும் ஈரக்கல் வாடையும் கலந்து வந்தன. பக்கத்து அறையில் பழைய சாமான்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வாசலில் சாவிக்கொத்தோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

அறை நடுவில் ஆளுயரத் தராசு. ஒரு தட்டில் இரும்பு எடைக்கற்களை அடுக்கியிருந்தார்கள். மற்றது வெறும் தட்டு.

வெறும் தட்டுதான் கீழே இறங்கியிருந்தது.

சரியில்லாத தராசைக் கண்டால் அவர் சும்மா இருப்பாரா? கை அரித்தது. சங்கிலி எங்கோ சிக்கியிருக்கும் என்று நினைத்து, தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், வெறும் தட்டுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார்.

கனத்தது. மகளைத் தூக்கும்போது தெரியும் அதே கனம்.

அடுத்த நொடி கனமே இல்லை. தட்டு விருட்டென்று மேலே போக, எடைக்கற்கள் இருந்த தட்டு தரையில் மோதியது.

கிழவி எழுந்து வந்தாள். திட்டவில்லை. அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்தவள், சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அவர்கள் வெளியே வந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

வழியெல்லாம் வாய் ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்னடா, வாய்க்குப் பூட்டு போட்டுட்டியா?”

“நடங்கண்ணே” என்று கிசுகிசுத்தான். “திரும்பிப் பாக்காதீங்க.”

“ஏன்?”

“உங்க இடுப்பைச் சுத்தி ரெண்டு கால் தெரியுது. சின்னக் கால்.”

மறுநாள் ஆலையில் முதல் எடைமேடையில் ஏறி நின்றார். எடைக்கல் வைப்பதற்கு முன் தானே ஏறிப் பார்ப்பது அவர் வழக்கம். தன் எடை எழுபது என்று அவருக்கு மனப்பாடம். திரை எண்பத்திரண்டு காட்டியது. மேடைதான் கெட்டுவிட்டது என்று அடுத்ததில் ஏறினார்.

எண்பத்திரண்டு.

அதற்கடுத்ததும் அதையே காட்டியது. எடைக்கற்களை வைத்தபோது மட்டும் மூன்றும் சரியாக இருந்தன.

சாயங்காலம் வீட்டிலிருந்து வீடியோ கால். மனைவி கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, மகள் திரையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“அப்பா, முதுகுல யாரு? அது என் எடம்.”

“யாருமில்ல கண்ணு.”

“இருக்கு. பாவம்ப்பா, அதுக்கு அம்மா இல்லையாம். எங்க வீட்டுக்கு வான்னு சொல்லிட்டேன்.”

அவர் அழைப்பைத் துண்டித்தார். வீட்டுக்கே போகக் கூடாது, இந்தச் சுமையோடு இங்கேயே கிடந்து சாகலாம் என்று முடிவு செய்தார்.

விடிந்ததும் ஆலைக்கு ஓடி மேடையில் ஏறினார்.

எழுபது.

முதுகு லேசாகிவிட்டது. ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவர் தன்னை ஒருநாளும் மன்னிக்கப்போவதில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“பாப்பா எங்க?”

“இங்கதான் விளையாடறா. நல்லாத்தான் இருக்கா.” மனைவியின் குரல் கம்மியிருந்தது. “காலைல தூக்கினேன், ரெண்டு பேரைத் தூக்கின மாதிரி கனத்துச்சு. உடனே இறக்கி விட்டுட்டேங்க.”

“அப்புறம்?”

அவள் மூச்சை மெதுவாக விட்டாள்.

“என் கழுத்தைக் கட்டியிருக்கிற கை மட்டும் இன்னும் எடுக்கலங்க.”