நாற்காலிப் பிள்ளையின் கண்கள்

மகளையும் கூட்டிக்கொண்டு வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து லின்டால்வா இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பிரேசில் நாட்டுச் செயாராவின் வறண்ட பூமியில் ஜூலையும் கோடைதான். பள்ளிக்கூடம் லீவு, சின்னப் பெண் ரயானியை விட்டுவிட்டு வர நாதியில்லை.

"புள்ளைய எதையும் தொடாம இருக்கச் சொல்லு." கதவைத் திறந்த ஜுல்மீரா அம்மாளின் முதல் வார்த்தையே அதுதான்.

"சொல்லிட்டேம்மா. கேக்கறது அவ இஷ்டம்."

கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே விட்டாள்.

ஜுல்மீராவின் தம்பி ஒதிலோன் பத்திரிகைப் புகைப்படக்காரர். போன வருடம் இறந்துபோனார். பஞ்ச காலத்தில் அவர் எடுத்த முகங்களைத் தலைநகரில் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள். கணினியில் ஏற்றியிருந்த படங்களில் தூசியும் கீறலும் துடைத்துக் கொடுப்பதுதான் வேலை. லின்டால்வாவுக்கு அது புண்ணிய காரியம். சின்ன வயதில் அந்தப் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தவள். ஒதிலோன் எடுத்த முகங்கள் பரிதாபத்துக்குக் கையேந்தாதவை. வற்றிய குளத்தருகே நிற்கும் கிழவன்கூட 'என்னைப் பார்க்க நீ யாருடா?' என்று திருப்பிப் பார்ப்பான்.

அவளுடைய பிழைப்பு வேறு தினுசு. சந்தைத் தெருவில் ஒரு சின்னக் கடை. செத்தவர்களின் படத்தைச் சனங்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோட்டு மாட்டி விடு, பக்கத்தில் பெண்சாதியை நிறுத்து, மூடின கண்ணைத் திறந்து கொடு என்பார்கள். கண் மூடிப் போன பிள்ளைக்குச் சொர்க்கத்து வழி தெரியாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. லின்டால்வா கணினியில் திறந்து கொடுப்பாள். ஆனால் செத்தவருக்குக் கண்ணை வரைந்துதான் வைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் கண்ணை எடுத்து வைக்கக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, செய்து பார்த்ததும் இல்லை.

ஒதிலோனின் அறையில் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை சுவரில் ஊறிக் கிடந்தது. அந்த வாடைக்கு அடியில் இன்னொன்று. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய குழந்தைத் தலையின் ஈர வாசம். லின்டால்வா ரயானியை முகர்ந்து பார்த்தாள். அவளிடம் வியர்வை நாற்றம்தான்.

ரயானி மூலையில் தரையில் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தாள். லின்டால்வா ஒவ்வொரு முகமாகத் துடைத்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள்.

வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு நாற்காலி. அதில் ஒரு சிறுமி. வகிடெடுத்து வாரிய தலை, மடியில் கோத்த கைகள். வெளிச்சம் அத்தனை அழகு. கண்கள் மட்டும் மூடியிருந்தன.

அடடா, கண் சிமிட்டிவிட்டாளே என்றுதான் லின்டால்வா நினைத்தாள். செத்த குழந்தையைப் பூச்சுற்றிப் பெட்டியில் கிடத்தித்தான் படம் எடுப்பது வழக்கம். இவளோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சந்தேகம் எங்கிருந்து வரும்? சும்மா இருக்க முடியாத கை. ஒரு நகல் எடுத்தாள். கைப்பேசியிலிருந்த ரயானியின் படத்திலிருந்து கண்களை வெட்டி அந்த முகத்தில் பொருத்தினாள். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினாள், நிழலைச் சரிசெய்தாள்.

பிள்ளை அவளைப் பார்த்தது.

"அம்மா, ஏன் வெளக்க அணைச்ச?" என்றாள் ரயானி.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வெளையாடாத ரயானி."

"வெளையாடலம்மா. நீ எங்க இருக்க?"

லின்டால்வா ஓடிப்போய் மகளின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். அகலத் திறந்திருந்த அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை. லின்டால்வா போட்ட கூச்சலில் ஜுல்மீரா ஓடிவந்தாள். திரையைப் பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாதாவே. யாரு கண்ணுடி அது?"

"என் மக கண்ணு. கண்ணு சிமிட்டிட்ட புள்ளதானேன்னு..."

"சிமிட்டிட்ட புள்ளயா? காய்ச்சல்ல போன புள்ளடி அது. உசுரோட இருக்கறாப்ல தெரியட்டும்னு பெத்தவ குளிப்பாட்டி, தல சீவி, உக்கார வெச்சா. கண்ண மட்டும் தொறந்து குடுய்யான்னு என் தம்பி கால்ல விழுந்தா. நான் பத்திரிகைக்காரன், எடுத்த படத்துல கை வெக்க மாட்டேன்னுட்டான். அந்தப் பெத்தவ சாகற வரைக்கும் நம்ம வாசல்ல வந்து நின்னுட்டுப் போவா."

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

"தூசி தொடைக்க வந்தவ கண்ண நோண்டுவேன்னு நான் கண்டேனா?"

லின்டால்வா நகலை அழித்தாள். அழித்துவிட்டு அசல் படத்தைத் திறந்தாள்.

அதிலும் கண்கள் திறந்திருந்தன.

ஈரத்தலை வாசம் இப்போது அறை முழுக்க.

"அம்மா," என்று கிசுகிசுத்தாள் ரயானி. "யாரோ என் கையப் புடிச்சிருக்காங்க. சில்லுன்னு இருக்கு."

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

"படத்துல கண்ண மூடிருடி. பழையபடி மூடிரு," என்றாள் ஜுல்மீரா.

"இத்தன வருசம் காத்துக் கெடந்தது வெறுங்கையோட போகுமாம்மா?" லின்டால்வா கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிப் படம் எடுத்தாள்.

"வேண்டாண்டி."

"பெத்தவ நான் இருக்கேன். அவ கண்ணு எதுக்கு?"

அந்தப் படத்திலிருந்து தன் கண்களை வெட்டினாள். சிறிதாக்கினாள். நாற்காலிப் பிள்ளையின் முகத்திலிருந்த ரயானியின் கண்கள் மேல் வைத்து மறைத்தாள். குழந்தை முகத்தில் வாழ்ந்து களைத்த ஒருத்தியின் பார்வை வந்து உட்கார்ந்தது.

ரயானி கண்ணைக் கசக்கினாள். "வெளக்கு வந்துருச்சு."

மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லின்டால்வா வாய்விட்டு அழுதாள். தன் பார்வை எப்போது போகும் என்று காத்திருந்தாள். போகவில்லை. கண்காட்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஜுல்மீரா அறையைப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சற்றே கண்ணயர்ந்தபோதுதான் தெரிந்தது. மூடிய கண்ணுக்குள் இருட்டு இல்லை. ஒதிலோனின் அறை இருந்தது. ஆணியடித்த ஜன்னல், அணைந்த கணினி. திறந்தால் தன் வீடு, மூடினால் அந்த அறை.

யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குப் பார்வை இருக்கிறது, எனக்கு இது ஒரு பாரமா என்று தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் கண்ணை மூடியபோது அறைக்கதவு திறந்திருந்தது. மறுநாள் வாசல். பிறகு செம்மண் சாலை, முள்வேலி, பெரியவர்களின் முட்டிகள். பார்வை அவர்கள் இடுப்புக்குமேல் எழவில்லை. சொர்க்கத்துக்கு வழி தேடுகிறது, பாவம், போய்ச் சேரட்டும் என்று செபம் சொன்னாள். நிஜமாகவே அப்படி நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது. குளித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சோப்பு நுரை. இறுக மூடிய கண்ணுக்குள் ஒரு தெரு வந்தது. ரொட்டிக்கடை, நீலச் சுவர், கழுவி ஈரமாயிருந்த ஒரு படி.

அவள் வீட்டுப் படி.

ஒரு சின்னக் கை எழுந்து கதவைத் தட்டியது. அதே நொடி வீட்டுக்குள் தட்டும் சத்தம் கேட்டது.

"தொறக்காத ரயானி!"

தண்ணீர்ச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? மூடிய கண்ணுக்குள் கதவு திறந்தது. ரயானி நின்றாள். நேருக்கு நேர் அவள் கண்ணையே பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா குளிக்கிறா. நீ உள்ள வா."